மனச்சோர்வில் தூக்கம் பிடிக்காதபோது: இரவு இசையை அமைத்துக்கொள்ளும் முறை

மனச்சோர்வு உள்ளவர்களுக்குத் தூக்கம் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெடுகிறது. சிலருக்குப் படுத்து வெகுநேரமாகியும் கண் அயராது. அன்று வேலையிடத்தில் கேட்ட ஒரு சொல்லும் பல ஆண்டுகளுக்கு முன் நடந்துபோன ஒரு சங்கதியும் மாறி மாறி வந்து நிற்கும். வேறு சிலர் படுத்தவுடன் தூங்கிவிடுவார்கள். ஆனால் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஏழு மணிக்குமேல்தான் நன்றாக வெளுக்கும் நம் மலேசியாவில், அந்த நீண்ட இருட்டை அவர்கள் விழித்தபடியே கடத்த வேண்டியிருக்கும். படுக்கும் நேரத்தில் இசை கேட்கும் முறை முதலில் சொன்னவர்களுக்குத்தான் அதிகம் உதவும். இரண்டாம் வகையினர் செய்யக்கூடியதையும் பின்னால் சொல்கிறேன். மனச்சோர்வினால் அளவுக்கு மீறித் தூங்குபவர்களும் உண்டு. இந்த முறை அவர்களுக்கானதன்று.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இசையால் தூக்கம் வருமா என்பதை ஆராய்ச்சியாளர்கள் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பு, தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் 1007 பேர் பங்கேற்ற 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பதிவு செய்த இசையைக் கேட்டுவந்தவர்களின் தூக்கத் தரம், கேட்காதவர்களுடையதைவிட, பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோலில் சராசரியாக 2.79 புள்ளி மேம்பட்டிருந்தது. 0 முதல் 21 வரை செல்லும் அந்த அளவுகோலில் 5-ஐத் தாண்டினாலே தூக்கம் சரியில்லை என்று கொள்கிறார்கள். ஆகவே 12இல் இருக்கும் ஒருவர் ஏறத்தாழ 9-க்கு இறங்கலாம். அவருக்கு அப்போதும் தூக்கக் குறை இருக்கும். ஆனால் அந்த மூன்று புள்ளியின் அருமை தூங்காமல் கிடந்தவருக்குத் தெரியும்.

மனச்சோர்வு உள்ளவர்களை மட்டும் வைத்து நடந்த ஆய்வு ஒன்று டென்மார்க்கின் ஆல்போர்க் நகரிலிருந்து அதே 2022இல் வெளிவந்தது. வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெற்றுவந்த 112 பேரில் ஒரு பகுதியினர் நான்கு வாரங்கள் படுக்கும் நேரத்தில் இசை கேட்டார்கள். நான்காவது வார முடிவில் அவர்களுடைய தூக்கம் மற்றவர்களுடையதைவிட மேம்பட்டிருந்தது. இசையை நிறுத்தி மேலும் நான்கு வாரம் சென்றபின் பார்த்தபோது அந்த மேம்பாடு குறைந்துபோயிருந்தது. புதிதாகத் தொடங்குபவர் இதிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓரிரவு கேட்டுப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று முடிவு கட்டக்கூடாது. பலன் தெரிந்ததும் நிறுத்திவிடவும் கூடாது. இது சிகிச்சையுடன் சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டிய பழக்கம். மனச்சோர்வுக்கான மருந்தின் இடத்தையோ உளவள ஆலோசனையின் இடத்தையோ அது நிரப்பாது.

தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

மருத்துவரை இன்னும் பார்க்காதவர்கள் முதலில் அதைச் செய்துவிடுவது நல்லது. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். மனநலச் சோதனையை அங்கேயே செய்து, தேவைப்பட்டால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து இலட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. 2019இல் அது 2.3 விழுக்காடாக இருந்தது. ஆகவே காத்திருக்கும் இடத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று கூச வேண்டியதில்லை; அவரும் அதற்கே வந்திருக்கக்கூடும்.

சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சுத் திணறி விழிப்பவர்களுக்கு வேறு சோதனை வேண்டும். பல நாள் தூங்காமலேயே அளவுகடந்த உற்சாகத்துடன் இருப்பவர்களுக்கும், யாரும் இல்லாதபோது குரல்கள் கேட்பவர்களுக்கும் உடனடியாக மருத்துவர் தேவை. அவர்கள் இசைப் பட்டியலை வைத்துக்கொண்டு நாள் கடத்தக்கூடாது. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருமானால், எந்த நேரமாக இருந்தாலும், கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம்; ஆனால் அது இரவு முழுதும் இயங்காமல் இருக்கக்கூடும். ஆபத்து நெருங்கிவிட்டால் 999. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமோ என்று இனி அஞ்சத் தேவையில்லை.

பாடல்களைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலானவர்கள் வழி தவறுவது இந்த இடத்தில்தான். பிடித்த பாடல்களையெல்லாம் ஒரு பட்டியலில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பகலில் மனத்தைத் தொடும் பாட்டு இரவில் மனத்தைக் கிளறிவிடும். தூக்கத்துக்கான இசை நம் கவனத்தை மெல்லப் பிடித்துவைக்க வேண்டும். அதே நேரம் நம்மிடம் எதையும் கேட்காமல் இருக்கவும் வேண்டும்.

முதலில் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை உள்ள இசை ஏற்றது. ஓய்வில் இருக்கும் இதயத்தின் வேகமும் ஏறக்குறைய அதுதான். கணக்கிட எந்தச் செயலியும் தேவையில்லை. பாட்டை ஓடவிட்டு, கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்தபடி தொடையில் தாளம் போடுங்கள். பதினைந்து வினாடியில் 15 முதல் 20 தட்டுக்குள் வந்தால் சேர்க்கலாம். 30-ஐத் தொட்டால் அந்தப் பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் பட்டியலில் வேண்டாம்.

அடுத்ததாக ஒலியின் ஏற்றத்தாழ்வைக் கவனிக்க வேண்டும். நம் திரைப்பாடல்களில் பல்லவி மெதுவாகத் தொடங்கும். முதல் இடையிசையில் முப்பது வயலின்கள் எழும். சரணத்துக்கு முன் டிரம்ஸ் நுழையும். தொடக்கத்தை மட்டும் கேட்டுச் சேர்த்தால் பாதித் தூக்கத்தில் அந்த வயலின்கள் எழுப்பிவிடும். எனவே ஒவ்வொன்றையும் பகல் வேளையில் கடைசிவரை கேட்டுப் பார்த்தே சேர்க்க வேண்டும். கச்சேரிப் பதிவுகளுக்கும் இது பொருந்தும். ராக ஆலாபனை நன்றாகத்தான் இருக்கும். அது முடிந்ததும் கைத்தட்டல் வரும், பின்னால் தாளவாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் காத்திருக்கும்.

மூன்றாவது செய்தி பலரை வியப்பில் ஆழ்த்தக்கூடும். சொற்கள் இல்லாத இசை நல்லது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அதை நம்பி, தெரிந்த திரைப்பாடல்களைப் புல்லாங்குழலிலோ வீணையிலோ கிட்டாரிலோ வாசித்த தொகுப்புகளை நாடுகிறோம். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்கலின் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறாகக் கண்டது. பலருக்கும் தெரிந்த பாடல்களைச் சொற்கள் இல்லாமல் கேட்டவர்களின் தலைக்குள் மெட்டு திரும்பத் திரும்ப ஓடுவது, சொற்களுடன் கேட்டவர்களைவிட அதிகமாக இருந்தது. அப்படி மெட்டு ஓடியவர்களுக்குத் தூக்கமும் கெட்டது. நாம் இதை அனுபவத்தில் அறியலாம்: குழலில் பல்லவி ஒலித்ததும் விடுபட்ட வரியை மனம் தானாகவே பாடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே வாத்திய இசையைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் பாடத் தெரிந்த எந்தப் பாட்டின் மெட்டாகவும் அது இல்லாதிருக்கட்டும். தாளவாத்தியம் இல்லாத மெதுவான ஆலாபனை, தம்பூராவின் தொடர்ச்சுருதி, மழைச் சத்தத்தோடு சேர்ந்த மெல்லிய பியானோ ஆகியவை இதற்கு ஏற்றவை. நீலாம்பரி தாலாட்டுக்குரிய ராகம் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த ராகத்தில் அமைதியான பதிவு ஒன்று கிடைத்தால் முயன்று பார்க்கலாம். ஆனால் குறிப்பிட்ட ராகம் எல்லாரையும் தூங்கவைக்கும் என்று பணம் கேட்கும் விளம்பரங்களை நான் நம்பமாட்டேன்.

இனி சோகப் பாடல்கள். ஜெலுத்தோங்கில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, இரவில் பழைய சோகப் பாடல்களைத்தான் கேட்பார். "அழுதாத்தான் தம்பி மனசு லேசாகுது, அப்புறம் தூங்கிடுவேன்," என்றார். எத்தனை மணிக்குத் தூக்கம் வரும் என்று கேட்டேன். "ரெண்டு, ரெண்டரை ஆயிரும்," என்றார். அவர் படுப்பது பத்து மணிக்கு. அழுகை ஆறுதல் தருவது உண்மைதான். ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களில் சிலருக்கு அத்தகைய பாடல்கள் பழைய வேதனையையே திரும்பத் திரும்ப அசைபோட வைக்கின்றன. ஒரு பாட்டு உங்களை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று அறிய, அது முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: கேட்பதற்கு முன்பு இருந்ததைவிட இப்போது மனம் மோசமாக இருக்கிறதா? ஆம் என்றால் அதைப் பகலுக்கு ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பாட்டை அழித்துவிடச் சொல்லவில்லை. அக்காவும் இப்போது அவற்றை மாலையில் துணி மடிக்கும்போது கேட்கிறார்.

பக்திப் பாடல்களிலும் நினைவு ஒட்டியிருக்கும். காலையில் எழுப்புவதற்கென்றே வீட்டில் ஒலித்த பாட்டு இரவில் உடலை விழிக்கச் சொல்லும். இறப்பு வீட்டில் பாடக் கேட்ட பதிகம், எவ்வளவு அமைதியாக இருந்தாலும், படுக்கைக்கு ஏற்றதாகாது. மெதுவான நாமாவளியை ஒரே குரல் திரும்பத் திரும்பப் பாடும் பதிவு பலருக்கு நன்றாகப் பொருந்துகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அதன் பலம்.

இப்படிச் சலித்தபின் மொத்தம் 45 நிமிடம் அளவுக்குச் சேர்த்தால் போதும். வரிசையில் மெட்டில் அதிக வேலைப்பாடு உள்ளவை முன்னாலும் மிகவும் எளியவை பின்னாலும் வரட்டும். இந்தப் பட்டியலை இரவுதோறும் மாற்ற வேண்டாம். அதே வரிசையைத் தொடர்ந்து கேட்கும்போது உடல் அதைத் தூக்கத்துடன் இணைத்துக்கொள்ளத் தொடங்கும். பகலில் காரில் போகும்போது இதே பட்டியலைப் போடாதீர்கள். இணைப்பு தேய்வது மட்டுமன்று, ஓட்டுபவருக்குக் கண் சொருகினால் ஆபத்து.

கருவியும் கைப்பேசியும்

வானொலி வேண்டாம் என்பது என் கருத்து. மின்னல், ராகா வானொலிகளில் ஒன்றை மெல்ல வைத்துக்கொண்டு தூங்கிப்போன தலைமுறை நம் வீடுகளில் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தூக்கம் இலேசாகிவிட்டவரை அறிவிப்பாளரின் சிரிப்பும் செய்தியும் விளம்பரமும் எழுப்பிவிடும். கட்டணம் இல்லாத யூடியூப்பும் அப்படித்தான்: தம்பூரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கடன் விளம்பரம் இரண்டு மடங்குச் சத்தத்தில் வரும். பாடல்களைக் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலே ஓடச் செய்யுங்கள்.

தானாக நிற்கும்படி அமைப்பது முக்கியம். ஐபோனில் கடிகாரச் செயலியைத் திறந்து, டைமர் பகுதியில் நேரத்தை 45 நிமிடமாக்கி, 'வென் டைமர் எண்ட்ஸ்' என்பதைத் தொட்டால் மணியோசைகளின் பட்டியல் வரும். அதன் அடியில் கடைசியாக 'ஸ்டாப் பிளேயிங்' என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நேரம் முடிந்ததும் மணி அடிக்காமல் இசை மட்டும் நிற்கும். ஸ்போட்டிஃபை பயன்படுத்துபவர்கள், பாட்டு ஓடும் திரையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'ஸ்லீப் டைமர்' என்பதைத் தேடலாம். பட்டியல் முடிந்ததும் அந்தச் செயலியே வேறு பாட்டைத் தொடங்கும் 'ஆட்டோபிளே' வசதியை அணைத்துவிட வேண்டும்; பாடல்களின் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதியை இயக்கிவைக்கலாம். பிறகு அறிவிப்புகளை அடக்குங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடியற்காலையிலேயே பூப்படத்துடன் காலை வணக்கம் அனுப்பும் ஒருவர் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்.

தனியறை உள்ளவர்கள் சிறிய ஒலிபெருக்கியைக் கட்டிலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். விலை குறைந்த புளூடூத் பெட்டிகள் சில, அணையும்போது 'பவர் ஆஃப்' என்று உரக்கச் சொல்லும்; வாங்கும்போதே கடையில் அணைத்துப் பாருங்கள். ஆயர் ஈத்தாமிலோ செந்தூலிலோ அடுக்குமாடி வீட்டில் அறையைப் பகிர்ந்துகொள்பவர்களுக்குத் தலையணைக்கு அடியில் வைக்கும் தட்டையான ஒலிபெருக்கியோ, துணிப்பட்டையில் பொதிந்த மெல்லிய ஹெட்ஃபோனோ ஏற்றது. காதுக்குள் செருகும் கருவியோடு பக்கவாட்டில் படுத்தால் காது வலிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுதும் அடைத்து வைத்தால் காதுக்குள் அரிப்பும் சீழும் வரக்கூடும்.

ஒலியளவை அமைதியான பகலில் நிர்ணயிக்க முடியாது. இரவில் எந்த வேகத்தில் மின்விசிறி சுற்றுமோ அந்த வேகத்தில் சுற்றவிட்டு, சன்னலையும் வழக்கம்போல வைத்துக்கொண்டு, படுத்த நிலையில் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இசை விசிறியின் சத்தத்துக்குச் சற்று மேலே, காது கொடுத்தால் மட்டுமே தெளிவாகக் கேட்கும் அளவில் இருக்க வேண்டும்.

இரவில் செய்ய வேண்டியது

மாலைக்குமேல் கோப்பியும் தே தாரேயும் வேண்டாம். உள்ளே போன கஃபீனில் பாதியளவு ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கலாம். படுக்கப் போவதற்குச் சற்று முன் விளக்கைக் குறைத்து, டைமரை அமைத்து, இசையைத் தொடங்கிவிட்டுக் கைப்பேசியைக் கை எட்டாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள்.

படுத்தபின் தூங்க முயல வேண்டாம். ஏதாவது ஒரு வாத்தியத்தை, அல்லது குரல் மூச்செடுக்கும் இடத்தை மட்டும் காதால் தொடருங்கள். சிந்தனை எங்காவது போய்விட்டால், போய்விட்டதே என்று நொந்துகொள்ளாமல், அப்போது ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்துக்குத் திரும்பி வாருங்கள். ஓரிரவில் பல தடவை இப்படித் திரும்ப வேண்டியிருக்கும்; அதற்காகத்தான் இசை அங்கே இருக்கிறது.

பட்டியல் முடிந்தும் தூக்கம் வரவில்லை என்றால் இன்னொரு முறை போட்டுக்கொண்டு புரள வேண்டாம். எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, மனத்தைச் சீண்டாத சிறு வேலை எதையாவது செய்யுங்கள்; கண் கனத்தபின் படுக்கைக்குத் திரும்புங்கள். கட்டில் என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடல் பழகிவிடக்கூடாது என்பதே இதன் நோக்கம். மணி பார்க்காதீர்கள்.

விடியற்காலையில் விழிப்பவர்கள், 20 நிமிடம் மட்டும் ஓடும் இரண்டாவது பட்டியல் ஒன்றை ஒரே தொடுகையில் தொடங்கும்படி வைத்துக்கொள்ளலாம். அது முடிந்தும் விழித்திருந்தால், சுபு தொழுகை அழைப்பு கேட்கும்வரை மல்லாந்து கிடப்பதைவிட எழுந்துவிடுவது மேல். மனச்சோர்வில் பலருக்கு அதிகாலையில்தான் மனம் மிகவும் கனத்திருக்கும். அந்த வேளையில் படுத்தபடி வாழ்க்கையைப் பற்றி எடுக்கும் முடிவுகளை நம்பாதீர்கள். இந்த வகை விழிப்பு நாள்தோறும் தொடர்ந்தால் அது மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய அறிகுறி.

தொழிற்சாலைகள் இயங்கும் பாயான் லெப்பாஸ் போன்ற இடங்களில் இரவு வேலை முடித்துக் காலையில் திரும்புபவர்கள், பகல் தூக்கத்துக்கும் இதே பட்டியலையே பயன்படுத்தலாம். அவர்கள் விசிறியின் சத்தத்துக்குப் பதில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் சத்தத்தை வைத்து ஒலியளவை நிர்ணயிக்க வேண்டும். தடித்த திரைச்சீலையும் வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று. காலையில் முதல் கேள்வியாக "நேத்து தூங்கினியா?" என்று கேட்காதீர்கள். ஒவ்வோர் இரவும் தேர்வு எழுதுவது போலாகிவிட்டால் இசையும் ஒரு பாரமாகிவிடும். பசியாறக் கூப்பிட்டால் போதும்.

நான்கு வாரம் கழித்து

சிறிய குறிப்பேடு ஒன்றில் காலைதோறும் மூன்றே செய்திகளை எழுதுங்கள்: தூங்க ஏறக்குறைய எவ்வளவு நேரமானது, எத்தனை முறை விழிப்பு வந்தது, பகலில் உடல் எப்படி இருந்தது. உத்தேசமாக எழுதினால் போதும். கைக்கடிகாரம் காட்டும் தூக்கக் கணக்கு தேவையில்லை. ஒரு பாட்டு எழுப்பிவிட்டதாகத் தோன்றினால் அதையும் குறித்து, பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

நான்கு வாரத்தில் சற்றேனும் மாற்றம் தெரிந்தால் அப்படியே தொடருங்கள். தெரியாவிட்டால் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகளில் சில தூக்கத்தைத் தரும், சில கலைக்கும். நீங்கள் உட்கொள்வது இரண்டாம் வகையானால் காலையில் உட்கொள்ளலாமா என்று கேளுங்கள். நீங்களாக நேரத்தை மாற்றவோ திடீரென்று நிறுத்தவோ வேண்டாம். மருந்துக்கடையில் தூக்கம் வரும் என்று வாங்கும் சளி மாத்திரையைப் பற்றியும், இரவில் குடிக்கும் பீரைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டும் மற்ற மருந்துகளோடு சேர்ந்தால் தொல்லை தரக்கூடும். நெடுநாள் தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பது மாத்திரையை அன்று, 'சிபிடி-ஐ' (CBT-I) எனப்படும், தூக்கமின்மைக்கான சிந்தனை-நடத்தைச் சிகிச்சையைத்தான். அதற்கு அனுப்ப முடியுமா என்று கிளினிக்கில் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.